ஓர் எழுத்து மாறினால்

மரபுவழி நோய் ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று உயிரியல் ஆசிரியர் சொன்னதும் பெரும்பாலான மாணவர்கள் செய்வது ஒன்றுதான். கூகுளில் நோயின் பெயரைத் தட்டி, அறிமுகம், காரணங்கள், அறிகுறிகள், சிகிச்சை, முடிவுரை என்று ஐந்து தலைப்புகளை எடுத்து, ஸ்லைடுக்கு ஒன்றாக ஒட்டிவிடுவார்கள். எந்த நோய்க்கும் இந்த ஐந்து தலைப்பும் பொருந்தும் என்பதுதான் இதிலுள்ள கோளாறு. பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த பெஞ்சில் இருப்பவருக்கும் அதே சார்ட் உதவும். கேட்டவர்களுக்கு எதுவும் மனதில் நிற்காது. பேசியவருக்கும் நிற்காது.

வேறொரு வழி இருக்கிறது. ஜீனில் என்ன மாறியது என்பதில் தொடங்குங்கள். அதனால் புரதத்துக்கு என்ன ஆனது, அதனால் செல்லுக்கு என்ன ஆனது, அதனால் உடம்புக்கு என்ன ஆனது என்று 'அதனால்' போட்டுக்கொண்டே இறங்குங்கள். எந்த இடத்தில் 'அதனால்' போட முடியவில்லையோ, அங்கேதான் நமக்கு விஷயம் பிடிபடவில்லை. மறுபடி படிக்க வேண்டிய இடமும் அதுதான்.

அப்படி இறங்க முடிகிற நோயாகப் பார்த்து எடுக்க வேண்டும். டவுன் நோய்க்குறியை நிறையப் பேர் எடுக்கிறார்கள். 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்தக் குரோமோசோமில் உள்ள நூற்றுக்கணக்கான ஜீன்களில் எது எதற்குக் காரணம் என்று கேட்டால் ஆராய்ச்சியாளர்களே திணறுவார்கள். ஹீமோஃபீலியா நல்ல தேர்வுதான். ஆனால் விக்டோரியா மகாராணியின் வம்சப் படத்தைப் பார்த்துப் பார்த்து வகுப்புக்கே அலுத்துப் போயிருக்கும். என்னைக் கேட்டால் அரிவாள் செல் சோகையை எடுக்கச் சொல்வேன். அதில் ஒவ்வொரு படியையும் யார், எந்த ஆண்டில், எப்படிக் கண்டறிந்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும். நம் நீலகிரிக்கும் அதில் இடம் உண்டு.

கண்டறிந்த கதை

1904ஆம் ஆண்டின் கடைசியில், சிகாகோ நகரின் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனைக்கு வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்தவர். மூச்சுக் கோளாறு, காலில் புண், கடும் சோகை. அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் ஐரன்ஸ், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் சில நீண்டு வளைந்து கிடப்பதைக் கவனித்தார். அவருக்கு மேலிருந்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பல தளங்களில் 'ஹெரிக் கண்டுபிடித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதலில் கண்ணில் பட்டது ஐரன்ஸுக்கு. நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பி, பல் மருத்துவராகத் தொழில் செய்து, 1916இல் நிமோனியாவில் இறந்துபோனார்.

செல்லின் உருவம் தெரிந்துவிட்டது. காரணம் தெரிய இன்னும் சுமார் 40 ஆண்டுகள் ஆயின. 1949இல் ஜேம்ஸ் நீல், நோயாளிகளின் தாய் தந்தையர் இருவருடைய இரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார். இருவருமே அறிகுறி இல்லாமல் இந்தப் பண்பைச் சுமப்பவர்கள் என்று தெரிந்தது. இது ஒடுங்கு பண்பு, இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் நோய் வரும் என்பது அப்படித்தான் உறுதியானது.

அதே ஆண்டு லைனஸ் பாலிங்கின் ஆய்வகத்திலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. நோயுள்ளவரின் ஹீமோகுளோபினையும் மற்றவர் ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் ஓடவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்தன. அப்படியானால் இரண்டின் மின்னூட்டமும் வேறு. நோய் இருப்பது ஒரு மூலக்கூறின் அமைப்பில் என்று முதன்முறையாகக் காட்டிய வேலை இது. சோதனையைக் கையால் செய்தவர் ஹார்வி இட்டானோ. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை முகாம்களில் அடைத்தது. 1942இல் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் தலைசிறந்த பட்டதாரிக்கான பதக்கத்தை அறிவித்தபோது, அதை வாங்க வேண்டிய இட்டானோ முகாமில் இருந்தார். பாலிங்கின் பெயரைச் சொல்கிற இடத்தில் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மின்னூட்டம் ஏன் மாறியது? கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வெர்னன் இன்கிராம் ஹீமோகுளோபினை டிரிப்சின் என்னும் நொதியால் சிறு சிறு துண்டுகளாக்கி, தாளில் ஒரு திசையில் மின்புலத்தாலும் மறு திசையில் கரைப்பானாலும் பரப்பினார். தாளில் புள்ளிகள் விழுந்தன. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாப் புள்ளிகளும் ஒன்று போலவே இருந்தன, ஒன்றைத் தவிர. அந்தத் துண்டை மட்டும் எடுத்து ஆராய்ந்து, குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது என்று 1957இல் காட்டினார். குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர் மின்னூட்டம் உண்டு, வேலினுக்கு மின்னூட்டமே இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் இட்டானோ பார்த்த வேக வித்தியாசத்துக்குக் கணக்கு சரியாகிவிட்டது. இந்த இரண்டு தாள்களையும் நீங்களே சார்ட்டில் வரைந்து, வேறுபடும் புள்ளி எது என்று வகுப்பையே தேடச் சொல்லலாம். ஒரு நிமிடத்துக்கு யாரும் தூங்க மாட்டார்கள்.

ஆறா, ஏழா?

குறிப்பெடுக்கும்போது ஓரிடத்தில் கட்டாயம் தடுக்கும். பள்ளிப் பாடநூல்களும் பழைய நூல்களும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் அமினோ அமிலம் மாறியது என்று சொல்லும். புதிய மரபணுத் தரவுத்தளங்கள் 7ஆம் இடம் என்று சொல்லும். இரண்டுமே சரி. புரதம் உருவாகும்போது முதலில் மெத்தியோனின் வந்து உட்காரும், பிறகு வெட்டுப்பட்டுவிடும். முடிந்த புரதத்தில் எண்ணினால் 6. ஜீனில் எழுதியுள்ளபடி மெத்தியோனினையும் சேர்த்து எண்ணினால் 7.

எழுத்து மாற்றத்திலும் இதே குழப்பம் உண்டு. ஒரு நூலில் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆனது என்று இருக்கும், இன்னொன்றில் சிடிசி என்பது சிஏசி ஆனது என்று இருக்கும், மூன்றாவதில் ஜியுஜி. டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதைப் பார்த்து எழுதினார்கள், இல்லை ஆர்என்ஏவைப் பார்த்து எழுதினார்களா என்பதுதான் வித்தியாசம். ஒரு ஸ்லைடில் ஒன்றும் அடுத்த ஸ்லைடில் இன்னொன்றும் காப்பி செய்து வைத்தால் ஆசிரியர் அங்கேயே பிடித்துவிடுவார். ஒரு முறையைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

முரண்பாடு வரும்போது எங்கே சரிபார்ப்பது? பாடநூல் முதல் படி. அதன் பிறகு மனிதனின் மரபுவழிப் பண்புகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஒமிம் தரவுத்தளம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் விக்டர் மெக்கியூசிக் 1966இல் அச்சு நூலாகத் தொடங்கியது, இன்று இணையத்தில் இலவசம். பீட்டா குளோபின் ஜீனுக்கு அதில் 141900 என்ற எண். 11ஆம் குரோமோசோமில் இருக்கும் ஜீன் இது. ஒமிம் நடை கடினம்தான். எளிமையாக வேண்டுமென்றால் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் பக்கங்கள் இருக்கின்றன. 'சர்வரோக நிவாரணி' விற்கும் தளங்களை மூடிவிடுங்கள்.

செல்லுக்குள் நடப்பது

நேரத்தில் பெரும்பங்கை இதற்கு ஒதுக்குங்கள். விஷயத்தின் உயிர்நாடியே இங்கேதான்.

ஒரு சிவப்பணுவில் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டும். வேலின் தண்ணீரை விட்டு விலகும். மாறிய ஹீமோகுளோபினின் வெளிப்பரப்பில் இந்த வேலின் துருத்திக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆக்சிஜனைத் திசுவில் இறக்கிவைத்ததும் மூலக்கூறின் வடிவம் சற்று மாறுகிறது, பக்கத்து மூலக்கூறில் ஒரு பள்ளம் திறக்கிறது. இதன் வேலின் அந்தப் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளும். அதன் வேலின் அடுத்ததில். இப்படியே நீண்டு நீண்டு விறைப்பான இழைகளாகி, செல்லை உள்ளிருந்து குத்தி வளைத்துவிடுகின்றன.

இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதைப் பல கட்டுரைகள் சொல்வதில்லை. ஆக்சிஜனை இறக்கிய கணமே இழை உருவாவதில்லை. அதற்குள் செல் நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டால் தப்பித்துவிடும். பெரும்பாலான செல்கள் அப்படித்தான் தப்பிக்கின்றன. ஆனால் செல்லில் தண்ணீர் குறைந்து ஹீமோகுளோபின் செறிவு கொஞ்சம் கூடினாலே இந்த அவகாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். 'நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குளிரில் நிற்கக்கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்' என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான். குளிரில் தோலருகே உள்ள நாளங்கள் சுருங்கும், இரத்தம் மெதுவாக நகரும், செல் திரும்பிவரத் தாமதமாகும். காய்ச்சலில் உடம்பு நீரை இழக்கும். அறிகுறிப் பட்டியலாக மனப்பாடம் செய்ததெல்லாம் இப்போது ஒரே காரணத்தின் கிளைகளாகத் தெரியும்.

வளைந்த செல்கள் நுண்குழாய்களில் சிக்கி ஓட்டத்தை அடைக்கின்றன. எலும்பில் அடைத்தால் தாங்க முடியாத வலி. கைக்குழந்தைகளுக்குக் கையும் காலும் வீங்கும். மூளையில் அடைத்தால் பக்கவாதம். மண்ணீரல் சிறு வயதிலேயே சேதப்பட்டுவிடுவதால் கிருமித்தொற்று எளிதில் பிடிக்கும். சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும், இந்தச் செல்கள் 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். எலும்பு மஜ்ஜையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, அதனால் சோகை. உடைந்த செல்களின் கழிவு சேர்வதால் கண் மஞ்சளாகும்.

பிறந்த குழந்தைக்கு ஏன் எதுவும் தெரிவதில்லை என்று யாராவது கேட்டால் மகிழ்ச்சி அடையுங்கள். நல்ல கேள்வி. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின். அதில் பீட்டா சங்கிலியே கிடையாது. பிறந்து சில மாதங்களில் அது குறைந்து, பீட்டா சங்கிலி உள்ளது வரும்போதுதான் நோய் தலைகாட்டும். 1948இல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் இதைக் கவனித்து எழுதினார். இன்றைய சிகிச்சையின் வேர் அந்தக் கவனிப்பில் இருக்கிறது.

நாணயம் சுண்டுங்கள்

பெற்றோர் இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு, சுமப்பவராக இருக்க 50, எதுவுமே இல்லாமலிருக்க 25. புன்னட் கட்டம் போட்டு இதைக் காட்டிவிடலாம். ஆனால் கட்டத்தைப் பார்த்தவர்கள் 'நாலு பிள்ளை பெற்றால் ஒன்றுக்கு நோய்' என்று புரிந்துகொள்கிறார்கள். முதல் குழந்தைக்கு நோய் இருந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று நம்புகிற குடும்பங்களும் உண்டு. அது ஆபத்தான தவறு.

கட்டத்தோடு நிறுத்தாமல் வகுப்பில் ஆளுக்கு இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைச் சுண்டச் சொல்லுங்கள். ஒன்று அம்மா, ஒன்று அப்பா. இரண்டும் பூ விழுந்தால் நோயுள்ள குழந்தை. 40 பேர் சுண்டினால் கணக்குப்படி 10 பேருக்கு வர வேண்டும். 7 வரும், 13 வரும். உடனே மறுபடி சுண்டச் சொல்லுங்கள். முதல் சுற்றில் இரண்டு பூ விழுந்தவருக்கே இரண்டாம் சுற்றிலும் விழலாம். நாணயத்துக்கு முந்தைய சுற்று நினைவிருக்காது என்பது அப்போது யாருக்கும் விளக்காமலே புரியும்.

கொசுவும் நீலகிரியும்

இவ்வளவு கெடுதல் செய்கிற ஜீன் ஏன் மறையாமல் இருக்கிறது? கென்யாவில் வளர்ந்த அந்தோணி ஆலிசன் 1954இல் பதில் சொன்னார். சுமப்பவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. மலேரியா கொன்று குவித்த இடங்களில் இவர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள். ஜீனும் அவர்களோடு பிழைத்தது. 'மலேரியாவே வராது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொற்று வரலாம், உயிருக்கு ஆபத்தாக முற்றுவதுதான் குறைகிறது. இரண்டு பிரதியும் மாறிய நோயாளிக்கோ மலேரியா மிகவும் ஆபத்தானது.

இந்தியாவில் இந்த ஜீன் இருப்பது 1952இல் தெரியவந்தது. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இதைக் கண்டார்கள். அதே ஆண்டு அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இருப்பதாகச் செய்தி வந்தது. நீலகிரியிலும் அதை ஒட்டிய வயநாட்டிலும் இருளர், பணியர், குறும்பர் போன்ற சமூகங்களில் இன்றும் இது காணப்படுகிறது. மத்திய இந்தியப் பழங்குடிகளிடம் இன்னும் பரவலாக உண்டு. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், 40 வயதுவரை உள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047க்குள் இதை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஆக்குவது என்று இலக்கு வைத்திருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அதற்காக 'பழங்குடியினர் நோய்' என்று ஸ்லைடில் எழுதினால் அறிவியலும் தவறு, மரியாதையும் போச்சு. ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், மத்தியதரைக் கடல் ஓரம் எல்லாம் இது இருக்கிறது. மலேரியா இருந்த இடத்தைத்தான் ஜீன் பார்த்தது, சாதியையும் இனத்தையும் பார்க்கவில்லை. வலியில் துடிக்கும் குழந்தையின் படத்தைப் பெரிதாகப் போட்டு அனுதாபம் தேடுவதும் வேண்டாம். உங்கள் வகுப்பிலேயே சுமப்பவர் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். செல்லின் படம் போதும்.

திருத்தப்படாத எழுத்து

சிகிச்சைக்கு வந்ததும் 'கிரிஸ்பர் மூலம் தவறான எழுத்தைத் திருத்திவிட்டார்கள்' என்று சொல்லிக் கைதட்டு வாங்கத் தோன்றும். 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி சிகிச்சை அந்த எழுத்தைத் தொடுவதே இல்லை. நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கரு ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ ஜீனின் செயலைக் குறைக்கிறார்கள். பிறகு கடும் கீமோதெரபி கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்து, மாற்றிய செல்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். கரு ஹீமோகுளோபின் மறுபடி உற்பத்தியாகி, இழை உருவாவதைத் தடுக்கிறது. ஜேனட் வாட்சன் கவனித்ததுதான் இங்கே மருந்தாகியிருக்கிறது. சோதனை முயற்சியில் 2019இலேயே இதைப் பெற்றுக்கொண்ட விக்டோரியா கிரே என்ற அமெரிக்கப் பெண்மணி தன் அனுபவத்தைப் பொதுவெளியில் பேசிவருகிறார். அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர்.

இந்த விலையைச் சொல்லிவிட்டு ஹைட்ராக்ஸியூரியாவைச் சொல்லாமல் விடக்கூடாது. விலை குறைந்த மாத்திரை. இதுவும் கரு ஹீமோகுளோபினைக் கூட்டித்தான் வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. பொருத்தமான கொடையாளி கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றமும் உண்டு.

பேசி முடித்ததும் வரக்கூடிய கேள்விகளில் இரண்டை நம்மூர் வகுப்பில் நிச்சயம் எதிர்பார்க்கலாம். ஒன்று, 'சொந்தத்தில் கட்டினால்தான் வருமா?' சொந்தமே இல்லாத இருவரும் சுமப்பவராக இருந்தால் வரும். சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே மாறிய ஜீனை ஒரே மூதாதையரிடமிருந்து பெற்றிருக்க வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகனும் மாமன் மகளும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஜீன்களைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. ஒடுங்கு பண்பு எதுவானாலும் இந்தக் கணக்குதான்.

இன்னொன்று, 'எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?' முதலில் கரைதிறன் சோதனை. சில துளி இரத்தத்தை ஒரு வேதிக் கரைசலில் கலந்து, கோடு போட்ட தாளுக்கு முன்னால் குழாயைப் பிடிப்பார்கள். மாறிய ஹீமோகுளோபின் இருந்தால் கரைசல் கலங்கி, பின்னால் உள்ள கோடுகள் தெரியாது. சுமப்பவருக்கும் கலங்கும், நோயாளிக்கும் கலங்கும். அதனால் இந்தச் சோதனையோடு நிறுத்த முடியாது. எலக்ட்ரோஃபோரெசிஸ் அல்லது எச்பிஎல்சி என்ற இரண்டாம் சோதனையில்தான் எந்த ஹீமோகுளோபின் எத்தனை விழுக்காடு என்று தெரியும். சுமப்பவருக்கு மாறியது சுமார் 40 விழுக்காடு இருக்கும், மீதி பெரும்பாலும் வழக்கமானது. அவருக்கு மருந்து எதுவும் தேவையில்லை. திருமணத்துக்கு முன் துணைவருக்கும் இதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.